பால்காரர் வீட்டு மருமகள் பாலை விட்ட கதை

என் மகள் வள்ளிக்கு அப்போது மூன்றாவது மாதம். எண்பத்திரண்டாம் வருடம், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் துணியை அலசப் போனேன். மலத்தில் சளி போல் வழுவழுப்பு இருந்தது. அதற்குள் சிவப்பாக நூல் நூலாக ஓடியது. உற்றுப் பார்த்தேன். இரத்தம்.

வாளி கையிலிருந்து நழுவிவிட்டது. 

அதற்கு முன்பே அவள் கன்னம் இரண்டும் சொரசொரவென்று சிவந்து கிடந்தன. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் புண். பால் குடித்த பத்தாவது நிமிடம் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுவாள். எடை ஏறவே இல்லை. தலைப்பிள்ளை. எனக்கு இருபத்தொரு வயது. தாய் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதே தெரியாத வயதில், பிள்ளை என் கையிலேயே போய்விடுமோ என்று பயந்து பயந்து அந்த நாட்களைக் கழித்தேன். முருகன் மேல் நம்பிக்கை வைத்திருக்கும் உங்கள் எல்லோரிடமும் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் செல்லூர். என் மாமனார் அழகர்சாமி பால்காரர். வீட்டுக்குப் பின்னால் நான்கு எருமை, மூன்று பசு. விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு கே.கே. நகர் பக்கம் கிளம்பிவிடுவார். மாமியார் நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் வீட்டுக்காரர் பாண்டி. மில்லில் ஃபிட்டர். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருக்கும் சேர்த்து மாமா பேசுவார்.

மாமாவுக்கு உலகத்தில் ஒரே மருந்து பால். தலைவலிக்குப் பால். கால் சுளுக்கினால் பால். எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பில் தவறியபோதுகூட, "பாலு பத்தல. அதான் மூளைல எதுவும் நிக்கல" என்று காரணம் சொன்னவர்.

என் பெயர் ராணி. பிறந்தது பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காடு. கம்பங்கூழும் கேப்பைக்களியும் சாப்பிட்டு வளர்ந்தவள். வெறும் பாலின் வாடையே எனக்கு ஆகாது. ஆனால் தயிர் வேறு. செல்லூருக்கு வந்த பிறகு எருமைத்தயிரின் ருசி கண்டுவிட்டேன். கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல இருக்கும். தயிர் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

பிள்ளைக்கு இப்படி ஆனதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். குடலேற்றத்துக்குத் தட்டி வைத்தியம் பார்க்கிற ஒரு அம்மாவிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்ததும் நான் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பக்கத்துத் தெரு டாக்டர் சீதபேதி என்று ஒரு மருந்து எழுதினார். கேட்கவில்லை. கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு பெரியவர் பிள்ளையின் நெற்றியில் கை வைத்து ஓதினார். பிறகு, "துவா பண்ணிருக்கேம்மா. நல்ல குழந்தை டாக்டர்ட்டயும் காமிங்க" என்றார். மாமாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

ஒருநாள் கழுதையை ஓட்டிக்கொண்டு, சங்கில் கழுதைப்பால் கொடுக்கிறவன் வாசலுக்கு வந்து நின்றான். பிள்ளைக்கு ஒரு சங்கு கொடுத்தால் எல்லாம் தீரும் என்றான். மாமா பாய்ந்து வந்தார்.

"எலேய், பால்காரன் வீட்டு வாசல்ல வந்தே பாலு விக்கிறியா? ஓட்றா!"

கழுதை முன்னே ஓடியது. அவன் பின்னே ஓடினான்.

எல்லா வைத்தியர்களும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். பிள்ளை தேறாததற்குக் காரணம் தாய்ப்பால் பற்றாததுதான், தாய்க்கு ஊட்டம் கொடுங்கள் என்றார்கள். மாமாவுக்கு இதைவிட இனிப்பான சேதி வேண்டுமா? காலையில் எழுந்ததும் பூண்டு வேகவைத்த பால். பத்து மணிக்கு ஒரு டம்ளர். மதியம் ஒன்று. பொழுது சாய ஒன்று. படுக்கும் முன்பு மறுபடி பூண்டுப்பால். நான் குடித்து முடிக்கும்வரை மாமா பக்கத்திலேயே நிற்பார்.

"குடி, ஆத்தா. ஒனக்கில்ல, பிள்ளைக்கு."

குடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். எவ்வளவு குடித்தேனோ அவ்வளவுக்குப் பிள்ளை மோசமானாள். எவ்வளவு மோசமானாளோ அவ்வளவுக்கு டம்ளர் பெரிதானது.

ஆடிக் கிருத்திகை வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமாவும் நானும் திருப்பரங்குன்றம் போனோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். என்ன வேண்டிக்கொள்வது என்று வரிசையிலேயே யோசித்து வைத்திருந்தேன். பிள்ளைக்கு மொட்டை, எனக்கு மொட்டை, அடுத்த வருடம் காவடி. எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

சன்னிதிக்கு முன்னால் வந்தேன். "நகருங்க, நகருங்க" என்று பின்னால் சத்தம். தீபம் ஒரு கணம் தெரிந்தது. அடுக்கி வைத்ததெல்லாம் மறந்துபோனது. வாயிலிருந்து இதுதான் வந்தது:

"முருகா! இந்தப் பிள்ளை தேறுற வரைக்கும் நான் பாலைத் தொடமாட்டேன்!"

சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மாமா காதில் தெளிவாக விழுந்துவிட்டது.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தியாகம் இல்லை. பாலிலிருந்து தப்பிப்பதற்காக வந்த வார்த்தை. மாமாவை யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. முருகனிடம் வேண்டிக்கொண்டதை மாமாவாலும் எதிர்க்க முடியாது. என் மனதின் ஏதோ ஒரு மூலை இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் கிடக்கிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சாமியிடமே கள்ளத்தனம் பண்ணியிருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ் பழங்காநத்தத்தைத் தாண்டியது. மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, வேற எதுவும் வாயில வரலையா? மொட்டை இருக்கு, காவடி இருக்கு, அங்கப்பிரதட்சணம் இருக்கு. எம்புட்டு இருக்கு!"

"வந்துருச்சு மாமா. நான் என்ன செய்ய?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். பாலுன்னா தயிரும் அதுல அடக்கம். மோரு, நெய்யி, வெண்ணெய் அம்புட்டும் அடக்கம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா! நான் பால மட்டுந்தான சொன்னேன்!"

"தயிரு எதுலருந்து வருது? ஆகாசத்துலருந்தா?"

பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். மாமா பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அன்றைக்குத் தொடங்கியது விரதம். மாமா அடுப்படிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். ரசத்தில் நெய்த் தாளிப்பு இல்லை. காபி கிடையாது, கடுங்காபிதான். சோற்றில் மோர் இல்லை. தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தயிர் ஞாபகம் வரும்.

நான்காவது நாள் வள்ளி பால் குடித்துவிட்டு அழாமல் தூங்கினாள். மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தேன். எட்டாவது நாள் துணியில் சிவப்பு இல்லை. இரண்டு வாரத்தில் கன்னம் தெளிந்து வந்தது. ஒருநாள் காலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமா கே.கே. நகர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பால் ஊற்றுகிற வீட்டிலெல்லாம், "எம் மருமக வேண்டுனா, முருகன் கேட்டுட்டான்" என்று சொல்லித்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். எனக்குத்தான் உள்ளுக்குள் குறுகுறுத்தது. கள்ள விரதத்துக்கு இவ்வளவு பெரிய பலனா?

மூன்று வாரம் முடிந்ததும் மாமா நல்ல நாள் பார்த்தார். பிள்ளை தேறிவிட்டாள், வேண்டுதல் நிறைவேறிவிட்டது, விரதத்தை முடித்துவிடலாம் என்றார். தெருவுக்கே பால்பாயசம், தயிர்ச்சோறு. நான் தயிர்ச்சோறு மூன்று கரண்டி வாங்கினேன். நாலாவது கரண்டியும் வாங்கினேன். மாமா கையால் பாயசமும் குடித்தேன்.

மூன்றாம் நாள் துணியில் மறுபடியும் இரத்தம்.

முருகன் என் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். சாயங்காலம் மில்லிலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்து அழுதேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"முருகனுக்கு ஒன்னைய ஒளிஞ்சு நின்னு பாக்குறதுதான் வேலையா?" என்றார். பிறகு, "நீ பால விட்ட, நின்னுச்சு. சாப்ட்ட, வந்துருச்சு. மிசின் ஓடலைன்னா ஒவ்வொண்ணாக் கழட்டித்தான் பாப்போம். மறுபடி விடு. பாப்போம்" என்றார்.

அன்றைக்கு அவர் பேசியது ஒரு வாரத்துக்கான பேச்சு. மறுபடி விட்டேன். மறுபடி நின்றது.

அவரேதான், "குழந்தை டாக்டரம்மாட்டக் காட்டிருவோம்" என்றார். கே.கே. நகரில் மாமா தினமும் பால் ஊற்றும் வீடுகளில் ஒன்று அந்த டாக்டரம்மாவின் வீடு. மாமா வேட்டியை வெளுத்துக் கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு எங்களோடு வந்தார்.

டாக்டரம்மா பிள்ளையை உருட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்து டம்ளர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். விட்டதும் நின்றதையும், தொட்டதும் வந்ததையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"பாப்பாவுக்குப் பால் அலர்ஜி. நீ குடிக்கிற மாட்டுப்பாலோட சத்து கொஞ்சம் தாய்ப்பால் வழியா அவளுக்கும் போகுது. அது அவளுக்கு ஒத்துக்கல" என்றார்.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இத்தன வருசமா ஒங்க வீட்டுக்கு ஊத்துறேன். ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்ல."

"தெரியும் பெரியவரே. உங்க பால்ல குத்தமே இல்ல."

"அப்ப எருமைப்பாலு?"

"அதுவும் ஆகாது."

"வெள்ளாட்டுப்பாலு?"

"அதுவும் வேண்டாம்."

"நல்லாச் சுண்டக் காச்சி..."

"எப்படிக் காய்ச்சினாலும் ஆகாது."

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப... கழுதை?"

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "தாய்ப்பாலே போதும் பெரியவரே. அம்மா மட்டும் பால், தயிர், நெய் எதுவும் தொடக்கூடாது. பிள்ளை வாயில நேரடியா ஒரு சொட்டுப் பால்கூடப் படக்கூடாது. அது ஆபத்து. நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாயிடும். அது எப்பன்னு நான் சொல்றேன்."

எனக்கு மனது தாங்கவில்லை. விரதத்தின் கதை முழுவதையும், கள்ளத்தனத்தையும் சேர்த்து, அவரிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நீ புளியை விட்டிருந்தாலோ, உப்பை விட்டிருந்தாலோ இந்தப் பிள்ளை என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு உடம்பு சிலிர்த்தது. விடுவதற்கு ஆயிரம் பொருள் இருந்தது. எது பிள்ளையைக் கொல்கிறதோ அதையே என் வாயால் விடச் சொன்னது யார்? நான் பாலை மட்டும் விட்டுத் தயிரைக் காப்பாற்றப் பார்த்தேன். மாமா வாயில் உட்கார்ந்து அதையும் பறித்துக்கொண்டது யார்?

ஆனால் மாமாவுக்கு மனது ஆறவில்லை. ஊருக்கெல்லாம் ஊட்டம் கொடுக்கிற பால், சொந்தப் பேத்திக்கு விஷம் என்றால் எப்படித் தாங்குவார்? தொழுவத்தில் செவலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஒன்னையப் போய்ச் சொல்றாகளே" என்று அவர் புலம்பியது என் காதில் விழுந்தது. நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

புரட்டாசி மாதம். வள்ளிக்கு ஆறு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். செவலையின் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்று மாமா பிள்ளைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் அதன் பாலை எடுத்துப் பிள்ளை வாயில் ஊற்றிவிட்டார். ஒரே ஒரு மடக்கு.

"ஆத்தா ராணி! ஓடியா! ஓடியா!"

ஓடினேன். பிள்ளையின் வாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. வாந்தி எடுத்தாள். மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. ஏறினோம். இந்தத் தடவை எனக்கு வேண்டுதல் எதுவும் வரவில்லை. பேரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. "முருகா, முருகா, முருகா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் மாமா எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முருகா, மொட்டை போடுறேன். காவடி எடுக்குறேன். செவலையக் கோயிலுக்கு விட்டுர்றேன். மீசைய எடுத்துர்றேன்டா, மீசைய எடுத்துர்றேன்!"

கோரிப்பாளையம் சந்திப்பில் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி, நடுவில் மாட்டு வண்டி. மாமா குதித்து இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை உருவி, நடுரோட்டில் நின்று வீசினார்.

"வழி விடுங்கய்யா! பிள்ளைக்கு நான் விசம் குடுத்துட்டேன்! வழி விடுங்கய்யா!"

அந்த வார்த்தையைக் கேட்டு அத்தனை பேரும் திரும்பினார்கள். போலீஸ்காரர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தர்கா வாசல் கடைக்காரர்கள் ஓடி வந்து மாட்டு வண்டியைக் கையாலேயே ஒதுக்கித் தள்ளினார்கள். "போங்க பாய், போங்க" என்று யாரோ ஆட்டோக்காரரை விரட்டினார்கள். மாமா ஓடி வந்து தொற்றிக்கொண்டார்.

டாக்டரம்மா வீட்டில் இருந்தார். அதையும் நான் முருகன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. மெல்ல மெல்ல உதடு வடிந்தது. சாயங்காலம்வரை எங்களை அங்கேயே உட்கார வைத்துக்கொண்டார்.

மாமா கைகூப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "அம்மா, என்னையப் போலீசுல புடிச்சுக் குடுங்க."

"குடுத்துட்டு? நாளைக்கு எங்க வீட்டுக்குப் பால் யார் ஊத்துறது? உக்காருங்க பெரியவரே."

மாமா உட்கார்ந்து சிறு பிள்ளை மாதிரி அழுதார்.

மறுநாளே திருப்பரங்குன்றம் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் பால் ஊற்றப் போனபோது இரண்டு வீடுகளில், "அழகர்சாமி வரலையா, ஒங்கள அனுப்பிருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்கள். செவலையைக் கோயிலுக்கு விடுவதை மட்டும் டாக்டரம்மா தடுத்துவிட்டார். "அந்த மாடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

ஆறு மாதம் முடிந்ததும் வள்ளிக்குச் சோறு பழக்கினோம். கேப்பையை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சிய கூழ். நெய் இல்லாமல் குழைத்த பருப்புச் சோறு. இட்லி. வாழைப்பழம். ஒரு புதுப் பொருள் கொடுத்தால் மூன்று நாள் பொறுத்துத்தான் அடுத்தது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாமா அந்த மூன்று நாளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினார். பாலை விட்டுவிட்ட எனக்கு எலும்பு கெட்டிப்படக் கேப்பை, முருங்கைக்கீரை, எள்ளு, நெத்திலிக் கருவாடு. பேரையூர்க் காட்டுச் சாப்பாடு செல்லூர் பால்காரர் வீட்டு அடுப்பில் ஏறிவிட்டது.

மாமா தலைகீழாக மாறிப்போனார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன்பே சமையல்காரரிடம் போய், "இதுல நெய்யி இருக்கா? அதுல பாலு இருக்கா?" என்று விசாரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர், பிஸ்கட் பாக்கெட்டைத் தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நீட்டி, "பாலுன்னு போட்டுருக்கா பாரு" என்பார். எங்கே போனாலும், "எம் பேத்திக்குப் பாலு ஆகாது" என்று முதலில் அறிவித்துவிடுவார். பால்காரரே இப்படிச் சொன்னால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டு மூன்று வீட்டில் பாலை நிறுத்திவிட்டார்கள். அதற்காக அவர் அறிவிப்பதை நிறுத்தவில்லை.

வள்ளிக்கு நான்கு வயது ஆனபோது டாக்டரம்மா, சோதித்துப் பார்க்கலாம் என்றார். அவருடைய அறையிலேயே, ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, முதலில் உதட்டில் ஒரு சொட்டு வைத்தார். பொறுத்தோம். அரைக் கரண்டி கொடுத்தார். பொறுத்தோம். ஒரு கரண்டி. இப்படியே மதியம்வரை போனது. மாமா கண்ணை மூடி, உதடு அசைய உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் பிள்ளையின் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அரை டம்ளர். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. தடிப்பு இல்லை. வீக்கம் இல்லை. ஒன்றுமே இல்லை.

மாமா கண்ணைத் திறந்தார். "கண்ணு, எப்பிடி இருந்துச்சு பாலு?"

வள்ளி முகத்தைச் சுளித்தாள். "நல்லாவே இல்ல தாத்தா. எனக்குக் கூழுதான் வேணும்."

மாமா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வேணாண்டா தங்கம், குடிக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு கிருத்திகையையும் விட்டதில்லை. போன மாதம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. கன்னத்தில் அதே சிவப்பு. முழங்கையில் அதே புண். பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தது. அவள் கண் கலங்கி, என்ன வேண்டிக்கொள்வது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன்.

"நல்லா வேண்டிக்கத்தா. வேண்டி முடிச்சுட்டு எங்கூட வா. எனக்கு ஒரு டாக்டரம்மா வீடு தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அது அவளுக்காக முருகன் அனுப்பிய ஆளைப் பார்த்த பார்வை. நானா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் தயங்காமல் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்களுக்கான பதிலை அவர் கையில் கொடுத்து, உங்களுக்குப் பின்னாலேயே வரிசையில் நிறுத்தி வைத்திருப்பான்.